மூலம், மூலம் என்று ஒன்றரை வருடம்

எனக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய். கண்டுபிடித்தபோது எனக்கு வயது 43, நோய் மூன்றாம் நிலையில் இருந்தது. கோவில்பட்டியில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் இறந்து பல வருடமாகிறது, ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த நோயில் வலியைவிடப் பெரிய கஷ்டம், வாய்விட்டுச் சொல்ல முடியாதது. மார்பில் கட்டி என்றால்கூட இன்றைக்கு நாலு பேரிடம் சொல்கிறார்கள். ஆசனவாய்க்கு உள்ளே கட்டி என்று யாரிடம் சொல்வது? "எங்கக்கா கட்டி?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "வயித்துல" என்றுதான் சொல்லியிருக்கிறேன். முகம் தெரியாதவர்களுக்கு எழுதுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது, அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2022 பொங்கல் சீசன் முடிந்த சமயத்தில்தான் முதன்முதலில் ரத்தம் பார்த்தேன். மலத்தோடு கலந்து கொஞ்சம், கழுவும்போது கொஞ்சம். வலி இல்லை. அடுத்த வாரம் இல்லை, அப்புறம் மறுபடி வந்தது. தெரிந்த மருந்துக்கடையில் தயங்கித் தயங்கிச் சொன்னதும் மாத்திரையும் களிம்பும் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா துத்தி இலையை வதக்கிச் சாப்பிடச் சொன்னார், அம்மா கருணைக்கிழங்கு மசியல் செய்து கொடுத்தாள். எல்லோரிடமும் தயாராக ஒரு காரணம் இருந்தது. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், உடம்பு சூடு, அதுதான் மூலம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. காரணம் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் அதற்கு மேல் யாரும் உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை என்பதைப் பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பார்த்தேன்.

சில மாதத்தில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடையில் நின்று துணி வெட்டும்போது கண் இருட்டியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. டாக்டர் வயதைக் கேட்டார், மாதவிலக்கு எப்படி என்று கேட்டார், "இந்த வயசுல பீரியட்ஸ்ல ரத்தம் போறது சகஜம்மா" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மூல ரத்தமும் வருகிறது என்று சொன்னேன், அதற்குத் தலையாட்டிக்கொண்டார். வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையில் சின்னக் கட்டி, பயமில்லை என்றார்கள். இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போகும், எது ரத்தம் எது மாத்திரை என்று நமக்கே தெரியாது. அடுத்தது, ஜெல் தடவிப் பார்க்கிற அந்த வயிற்று ஸ்கேனில் மலக்குடல் கட்டி பெரும்பாலும் தெரியாது. "ஸ்கேன் நார்மல்" என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்த மாதங்களில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. ரத்தம் குறைவாக இருக்கிறது என்றால் மாத்திரையோடு விடாமல், எந்த வழியாகக் குறைகிறது என்று கேளுங்கள். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைவு வந்தால் குடலைப் பார்த்தாக வேண்டும் என்பதே முறை. என்னைப் போன்ற நடுவயதுப் பெண்களுக்குத்தான் மாதவிலக்கு என்ற சாக்கு ஒன்று கையருகே இருக்கிறது.

அதன் பிறகு, பேருந்தில் விளம்பரம் ஒட்டியிருந்த ஒரு மூல சிகிச்சை மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். லேசர், தையல் இல்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம் என்றார்கள். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ரெண்டாவது ஸ்டேஜ் மூலம்" என்றார் அங்கிருந்தவர். விரலை உள்ளே விட்டுப் பார்க்கவில்லை. ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாய், என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை, எனக்கு மூலம் இருந்ததுதான். மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாள் ரத்தம் நின்றதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு வந்த தொந்தரவு வேறு மாதிரி. வெளிக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்த உடனே மறுபடி வருகிற மாதிரி இருக்கும். போனால் ஒன்றும் வராது, சளி மாதிரி ஏதோ கொஞ்சம், அதில் ரத்தம். அளவு கொடுக்க வந்த பெண்ணைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடியிருக்கிறேன். ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி. மலம் ஒல்லியாகப் போக ஆரம்பித்தது. உடம்பு இளைத்து என் ஜாக்கெட்டை நானே பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் "மெலிஞ்சு அழகாயிட்டியே" என்றார்கள்! மலம் போகிற பழக்கம் இப்படி மாறிச் சில வாரம் நீடித்தால் வெறும் மூலம் என்று விட்டுவிடக் கூடாது. முழுசாகப் போகாத உணர்வு திரும்பத் திரும்ப வருவது மலக்குடலில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதற்கு முக்கியமான அறிகுறி. இது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் இன்னும் முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.

கடைசியில் கண்டுபிடித்தது ஓர் அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில். வெளிநோயாளிகள் வரிசையில் காலையிலிருந்து நின்றேன். அந்த டாக்டர் நான் சொன்னதைக் கேட்டார், நர்ஸை உடன் நிற்க வைத்தார், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், கையுறை போட்டு விரலால் சோதித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஏம்மா, இதுக்கு முன்னாடி யாரும் கை வெச்சுப் பாக்கலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் சீட்டில் எழுத ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். ஒன்றரை வருடமாக எத்தனை பேரிடம் போயிருக்கிறேன், எவ்வளவு பணம், ஒரு கையுறை செய்ய வேண்டிய வேலை. கீழ்ப்பகுதியில் இருக்கிற கட்டி பல நேரம் விரலுக்கே தட்டுப்படும். ஆகவே ரத்தம் வருகிறது என்று போனால், சோதிக்காமல் மருந்து எழுதுகிறவரிடம் "உள்ளே பாக்கலையா சார்?" என்று வாய் திறந்து கேளுங்கள். பெண்கள், பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது மதுரையில் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது. நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை, மயக்க ஊசி போட்டார்கள், விழித்தபோது முடிந்திருந்தது. படுத்தியது முந்தைய நாள்தான். சில நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, விதை உள்ள காய் எதுவும் கூடாது. வெறும் சோறு, மோர், வடிகட்டிய ரசம். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்னதாகவே நிறுத்தச் சொன்னார்கள், இல்லையென்றால் குடல் சுவரில் கருப்பாகப் படிந்து ஒன்றும் தெரியாதாம். அப்புறம் ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கலந்த குமட்டல் ருசி. குளிர வைத்து, உறிஞ்சுகுழலில் குடித்தால் இறங்கும். அன்றைக்கு வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் இங்கே குடித்துவிட்டு விடிகாலை பஸ் ஏறலாம் என்று நினைத்திருந்தேன், நல்லவேளை அந்த ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் அதட்டி, முதல் நாளே வந்து பக்கத்தில் அறை எடுக்கச் சொன்னாள். கடைசியில் வருவது வெறும் தண்ணீராக, லேசான மஞ்சளாக இருந்தால்தான் குடல் சுத்தமாகியிருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரைக்கோ, ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கட்டியிலிருந்து சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். "சதையை எடுத்தா பரவிடும், விடாதே" என்று ஊரிலிருந்து போன் மேல் போன். அப்படியெல்லாம் பரவாது. அது இல்லாமல் எந்த வைத்தியமும் தொடங்காது. முடிவு வரக் காத்திருந்த நாட்களில் நான் யாரிடமும் சொல்லவில்லை, மெஷினில் உட்கார்ந்தால் தையல் நேராக வரவில்லை, வாங்கிய துணியை எல்லாம் தேதி தள்ளிக் கொடுத்தேன். முடிவு வந்த பிறகு மகளிடம் சொன்னேன். அவள் அழுது முடித்துவிட்டு, இரவெல்லாம் செல்போனில் படித்துவிட்டு, ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மன் இதே குடல் புற்றால் 2020 ஆகஸ்டில் 43 வயதில் இறந்ததைச் சொன்னாள். என் வயது! அவருக்கும் முதலில் மூன்றாம் நிலையில்தான் கண்டுபிடித்தார்களாம், 2016இல். தைரியம் சொல்லத்தான் பேச்சை ஆரம்பித்தாள், பாவம், எங்கேயோ போய் முடிந்தது.

என்னை இன்றைக்கும் உறுத்துவது மதுரை டாக்டர் படம் வரைந்து காட்டியதுதான். இந்தப் புற்று பெரும்பாலும் ஒரே நாளில் புற்றாக வருவதில்லை. குடல் உள்சுவரில் பாலிப் என்று சின்ன மரு மாதிரி முளைக்கும். எல்லா மருவும் கெட்டதில்லை, ஆனால் அதில் சில மெதுவாக வளர்ந்து புற்றாக மாறப் பத்து வருடம்கூட எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்து வருடத்தில் எப்போது குழாய் விட்டுப் பார்த்திருந்தாலும் அங்கேயே கம்பி வளையம் போட்டு வெட்டி எடுத்திருக்கலாம், புற்றே வந்திருக்காது. அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களையே 45 வயதிலிருந்து சோதிக்கச் சொல்கிறார்கள், 50 என்று இருந்ததை 2021இல் குறைத்தார்களாம். நம் நாட்டில் அரசு ஊர் ஊராகச் செய்கிற பரிசோதனை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் இந்த மூன்று புற்றுக்கும்தான். குடலுக்கு நாமேதான் போயாக வேண்டும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது, எஃப்.ஐ.டி. என்று கேட்டால் பெரிய லேப்களில் செய்வார்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம். கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர்கள் அதில் நேரம் கடத்த வேண்டாம், நேரே கொலோனோஸ்கோபிதான். சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையை நம்பியும் உட்காரக் கூடாது, எனக்கு மூன்றாம் நிலையிலும் அது நார்மலாகத்தான் இருந்தது.

பணத்துக்கு வருகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்கள் வீட்டில் இல்லை. நோய் தெரிந்த பிறகுதான் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, கலெக்டர் ஆபீஸில் போட்டோ என்று அலைந்தேன். ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், ஆதாரில் அப்பா இனிஷியல், அதைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பம் என்றால், உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, நமக்கு வேண்டிய சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே இருக்கிற காப்பீட்டு மேஜையில் கேட்க வேண்டும். ஒப்புதல் வருவதற்கு முன் எடுத்த சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் என் கைக்காசுதான். ஆபரேஷனும் ரேடியேஷனும் கீமோவும் திட்டத்தில் போனது. அப்படியும் அறை வாடகை, பயணம், சாப்பாடு, ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் ஒட்டுகிற மலப் பைகள், முன்னால் அழுத மூல சிகிச்சை என்று இரண்டரை லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. இரண்டு தீபாவளி சீசனில் கடை பூட்டிக் கிடந்தது தனி. இன்னொன்று, ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் கவுண்டரில் கொடுத்தால் ஸ்லீப்பரில் நமக்கு இலவசம், கூட வருகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. பாதிச் சிகிச்சை முடிந்த பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மலக்குடல் என்றால் பல பேருக்கு முதலில் கரண்ட் (ரேடியேஷன்) வைத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷன். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரத்துக்கு மேல், கூடவே கீமோ மாத்திரை. மதுரையிலேயே ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கினேன். படுத்திருக்கிற நேரம் சில நிமிடம்தான். அதற்கு முன் தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அது ஒரு தனி வித்தை. ஒரு விஷயம் எனக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை: அடிவயிற்றில் கரண்ட் வைத்தால் சினைப்பை வேலை நின்று மாதவிலக்கு நின்றுவிடும். எனக்கு அதோடு நின்றது, திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். எனக்குப் பரவாயில்லை. இனிமேல் குழந்தை பெற வேண்டிய பெண்ணாக இருந்தால் கரண்ட் ஆரம்பிக்கும் முன்னே இதைக் கேட்டே ஆக வேண்டும், ஆரம்பித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஆபரேஷனில் கட்டி இருந்த பகுதியை எடுத்து மேல் குடலைக் கீழே இணைத்தார்கள். அந்த இணைப்பு ஆறும் வரை, சிறுகுடலை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பை வைத்தார்கள். கண் விழித்துப் போர்வையை விலக்கிப் பார்த்தேன், சிவப்பாக, ஈரமாக, உதடு குவித்த மாதிரி ஒன்று வயிற்றில் இருந்தது. அன்றைக்கு முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை. மறுநாள் நர்ஸ் பையை மாற்றக் கற்றுக் கொடுத்தாள். ஒட்டுகிற தகட்டில் ஓட்டை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் கசிந்து தோல் வெந்துவிடும், சின்னதாக வெட்டினால் குடலை அழுத்தும். அவள் கத்தரியை எடுத்தபோது "குடு சிஸ்டர்" என்று வாங்கி, அளவட்டையை வைத்துப் பென்சிலில் கோடு போட்டு, கழுத்து வெட்டுகிற மாதிரி வளைத்து வெட்டினேன். "அக்கா, நீங்க எனக்குக் கத்துக் குடுப்பீங்க போல" என்றாள். பல நாளுக்குப் பிறகு சிரித்தேன். முதல் சில வாரத்தில் அந்தக் குடல்வாய் வீக்கம் வற்றிச் சுருங்கும், அதனால் பழைய அளவுக்கே வெட்டக் கூடாது, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் கனம் இழுத்துத் தகடு பெயரும். தண்ணீராகவே போவதால் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்போதும் கைவசம் வேண்டும்.

அடுத்து ஊசி கீமோ, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சில மாதங்கள். முடி அவ்வளவாகக் கொட்டவில்லை. எனக்குப் போனது விரல். இந்த நோய்க்குப் போடும் மருந்தில் ஒன்று நரம்பைத் தாக்கும், குளிர்ச்சி பட்டாலே சுருக்கென்று ஷாக் அடிக்கும். பிரிட்ஜைத் திறக்க முடியாது, காலையில் கத்தரிக்கோலைத் தொட முடியாது. பிறகு விரல் நுனி மரத்துப்போய் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். கையால் தொழில் செய்கிறவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் மரத்துப்போவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்கிறேன் என்று மறைக்காதீர்கள், அவர்கள் அளவைக் குறைப்பார்கள். எனக்குக் குறைத்தார்கள். இப்போது நூல் கோக்கிறேன். ஹெம்மிங்குக்கு மட்டும் ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன்.

பையை எடுத்துக் குடலை உள்ளே வைத்துத் தைத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. சேமித்து வைக்கிற பகுதியைத்தானே வெட்டி எடுத்திருக்கிறார்கள்! ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடினேன் என்று கணக்கே இல்லை, அடக்கவும் முடியாது. நாப்கின் வைத்துக்கொண்டுதான் வெளியே போனேன். ஒரு வருடத்தில் மெல்லக் குறைந்தது. இது ஆபரேஷன் தோற்றுப்போனதாலோ புற்று திரும்பி வந்ததாலோ இல்லை, பல பேருக்கு இப்படித்தான் இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் பயந்து பாதி உயிர் போயிருக்காது.

சிகிச்சைக்கு நடுவிலேயே டாக்டர் கேட்டது, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று. பெற்றோர், கூடப் பிறந்தவர், பிள்ளை என்று நெருங்கிய இரத்த உறவில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் 40 வயதிலோ, நோயாளிக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். என் மகளுக்கு அது 33. சென்னையில் இருக்கும் அண்ணன் அந்த வயதை எப்போதோ தாண்டியவர். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அண்ணியிடம் என் பையைக் காட்டினேன். அடுத்த மாதமே அழைத்துப் போய்விட்டார். இரண்டு பாலிப் இருந்தது, அங்கேயே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை, ஆனால் விட்டிருந்தால் ஆகக்கூடிய வகை என்றார்கள். பத்தாயிரத்துச் சொச்சம் செலவு, காலையில் போனவர் மாலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு முதல் இரண்டு வருடம் சில மாதத்துக்கு ஒரு முறை டாக்டரும் ரத்தப் பரிசோதனையும், அப்புறம் ஐந்து வருடம் முடியும் வரை இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு சி.டி. உண்டு. இந்த வருடத்து ஸ்கேனை ஆடி மாதத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன், முகூர்த்தம் இல்லாததால் ஜாக்கெட் ஆர்டர் அப்போது குறைவு.